கடைசியாகத் தொட்ட கை

"சாமிக்கு முதுகு எந்தப் பக்கம் இருக்கும்மா?"

கணக்கம்மாவின் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்காருகிறவள். அவளுடைய டீச்சர் எந்நேரமும் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துகிறவர். ஆகவே முதுகுப் பக்கம் இருப்பவர்களின் கதி என்ன என்பது குழந்தைக்கு அன்றாடப் பிரச்சினை.

"அந்தப் பக்கம் நின்னு கும்பிட்டா அவருக்கு எப்படித் தெரியும்?"

"அப்புறம் சொல்றேன்டி, தூங்கு" என்றாள் அம்மா. பதில் தெரியாத பெரியவர்கள் உலகம் முழுக்கச் சொல்கிற பதில் அது. மகள் வளர்ந்து வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்டாள். கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், கணக்கம்மா சம்பளம் வாங்கியதும் ஏறக்குறைய அதே கேள்விக்குத்தான். மலையடிவாரத்தில் இருந்த அனைத்துத் திசைச் சமநிலை ஆய்வு நிறுவனத்தில் அவள் கணக்குப் பிரிவு ஆய்வாளர். அவளுக்குப் பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் புழங்கியது. மற்றபடி எல்லாருக்கும் கணக்கம்மாதான்.

நியூட்ரினோ என்று ஒரு துகள். மலை, மண், மனிதர் எதையும் சட்டை பண்ணாமல் ஊடுருவிப் போய்விடும். அதைத் தடுத்து நிறுத்தக்கூடிய சக்தி உலகில் நிர்வாகப் பிரிவு ஒன்றுக்குத்தான் உண்டு என்று ஊழியர்கள் பேசிக்கொள்வார்கள். அந்தத் துகளுக்கு மூன்று வேஷம். போகிற வழியிலேயே ஒன்றைக் களைந்து இன்னொன்றைப் போட்டுக்கொள்ளும். எங்கோ தொலைவில் ஓர் இயந்திரம் அவற்றைக் கற்றையாக அனுப்ப, அவை பூமிக்குள்ளாகவே வந்து மலைக்கு அடியில் உள்ள பெரிய தண்ணீர்த் தொட்டியைக் கடக்கும். அகப்பட்ட சிலவற்றில் எத்தனை வேஷம் மாறியிருக்கின்றன என்று எண்ண வேண்டும். பூமி சுழல்வதால் அந்தக் கற்றை மணிக்கு மணி வானத்தின் வேறு வேறு பக்கம் பார்த்துப் பாய்கிறது. எல்லாத் திசையும் ஒன்றுதான் என்றால் எண்ணிக்கை மாறக் கூடாது. மாறினால், பிரபஞ்சத்துக்கும் முகம் ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம் என்று அர்த்தம்.

எந்தத் திசையும் உசத்தியில்லை என்பதைச் சோதித்த அந்த நிறுவனத்துக்கு நான்கு வாசல்கள் இருந்தன. கிழக்கு வாசல் இயக்குநருக்கு. தெற்கு வாசல் ஆய்வாளர்களுக்கு. மேற்கு வாசல் எழுத்தர்களுக்கு. வடக்கு வாசலில் ஒயர்மேன், பிளம்பர், துப்புரவுப் பெண்கள், ஒரு நாய் ஆகியோர் வரலாம். நாய் மட்டும் சில சமயம் கிழக்கு வாசலிலும் வந்துவிடும். அதை யாரும் கேட்பதில்லை.

இயக்குநர் யாரையும் முகம் பார்த்துப் பேச மாட்டார். ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அவருடைய தொலைநோக்கு அப்படி. பதினைந்து வருஷம் அவரிடம் வேலை பார்த்த கணக்கம்மாவுக்கு அவருடைய முகத்தைவிடப் பிடரிதான் பழக்கம். அவர் கோபப்பட்டால் காது நுனி சிவக்கும் என்பதுவரை தெரியும்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. எது பழுதானாலும், ஏன் பழுதானது என்று கேட்கவே மாட்டார்கள். கடைசியாகத் தொட்ட கை யாருடையது என்று கேட்பார்கள். விசாரணையில் அந்த ஒரே கேள்விதான். நாற்காலி உடைந்தால் கடைசியாக உட்கார்ந்தவர் குற்றவாளி. குழாய் கழன்றால் கடைசியாகத் தண்ணீர் பிடித்தவர். அதனால் பழுதான பொருள் பக்கம் அங்கே யாரும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். நின்றுபோன ஒரு மின்விசிறியை எட்டு வருஷமாக எல்லாரும் வணங்காத குறையாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

தண்டனையிலும் ஒரு முறை இருந்தது. தெற்கு வாசல்காரர் மாட்டினால் அவருடைய பெயர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து போகும். வடக்கு வாசல்காரர் மாட்டினால், முதல் முறை என்றால் மட்டமான வேலைக்கு மாற்றம். இரண்டாம் முறை என்றால் வேலையே போகும்.

இதை ஒயர்மேன் அண்ணன் அனுபவித்து அறிந்தவர்.

கணக்கம்மாவின் மகள் சிறியவளாக இருந்தபோது ஒருநாள், குழந்தைக்கு மூச்சுத் திணறுகிறது, உடனே வாருங்கள் என்று பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. அப்போது கணக்கம்மா தண்ணீர்த் தொட்டி இருக்கும் சுரங்கத்தின் அடியில் இருந்தாள். லிஃப்டில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மறுநாள் வரப்போகும் பெரிய மனிதர் எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பார், பூங்கொத்தை எந்தத் தளத்தில் வாங்குவார் என்பதற்கான ஒத்திகை. பெரிய மனிதராக டைப்பிஸ்ட் ஒருவர் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார்.

"சார், லிஃப்டை அனுப்புங்க சார், என் குழந்தைக்கு முடியல" என்று அவள் சுரங்கத் தொலைபேசியில் நிர்வாக அதிகாரியிடம் கெஞ்சினாள்.

"கொஞ்சம் பொறும்மா. விஐபி பாதி வழியில இருக்கார்."

"அவர் நம்ம டைப்பிஸ்ட் சார்!"

"இப்போதைக்கு அவர் விஐபி."

அந்த நேரத்தில் மெயின் சுவிட்ச் இறங்கியது. விளக்கெல்லாம் அணைந்தது. மின்சாரம் போனால் லிஃப்டை ஜெனரேட்டரில் ஓட்டும் சாவி ஒயர்மேனிடம் மட்டும் உண்டு. தொலைபேசியில் அவள் கெஞ்சியதை மேலே கேட்டிருந்த அவர், இருட்டில் லிஃப்டோடு கீழே வந்து, "ஏறும்மா, பேச நேரமில்ல" என்றார். லிஃப்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்த டைப்பிஸ்ட், கணக்கம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பூங்கொத்தை அவள் கையில் கொடுத்தார். அதோடுதான் அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்துவிட்டு, மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

மெயின் சுவிட்சைக் கடைசியாகத் தொட்ட கை ஒயர்மேனுடையது. அவரை மின்னறையிலிருந்து கடிகாரப் பணிக்கு மாற்றினார்கள். தினமும் காலையில் நிறுவனம் முழுக்க நடந்து எல்லாக் கடிகாரங்களையும் சரிபார்க்கும் வேலை. இதை அவர் அவளிடம் சொல்லவே இல்லை. வெகுநாள் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அழாத குறையாக அவள் போய் நின்றபோது, "விடும்மா. நடக்கறது ஒடம்புக்கு நல்லது. பாப்பா நல்லா இருக்கால்ல?" என்றார். அவ்வளவுதான். அந்தக் கடனை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கணக்கம்மாவுக்குத் தெரியவில்லை.

வருஷங்கள் போயின. நிர்வாக அதிகாரி ஒருநாள் சுரங்கத்துக்குள் இறங்கினார். அப்படி இறங்குவது அவருக்கு வழக்கமில்லை. கைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டே தவறிப்போய் லிஃப்டில் ஏறிவிட்டார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நட்சத்திரக் கடிகாரத்தைப் பார்த்தார். மதியம் மூன்று மணிக்கு அது ஐந்து என்று காட்டியது.

நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமியின் ஒரு சுற்று நம்முடைய நாளைவிடக் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் குறைவு. அதனால் நட்சத்திரக் கடிகாரம் நாளுக்கு நாள் சாதாரணக் கடிகாரத்தை முந்திக்கொண்டே போகும். முந்துவதுதான் அதன் வேலை. ஒவ்வொரு நியூட்ரினோவும் வந்து சேர்ந்த நேரத்தை, கணிப்பொறி அந்தக் கடிகாரத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அப்போதுதான் கற்றை வானத்தின் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது தெரியும்.

நிர்வாக அதிகாரிக்குத் தெரிந்தது வேறு. "ஓகோ! இதைப் பார்த்துத்தான் எல்லாரும் அஞ்சு மணின்னு சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிடறாங்களா?"

கடிகார ஒழுங்குக் குழு கூடியது. கடிகாரம் நிர்வாக விஷயம் என்பதால் ஆய்வாளர்களை அழைக்கவில்லை. அதிகாரி பேசினார்: "வானத்துக்கு ஒரு நேரம், ஆபீசுக்கு ஒரு நேரம்னு இருந்தா ஒழுங்கு எங்கேருந்து வரும்? இங்க ஒரே நேரம்தான். அது இயக்குநர் ரூம்ல இருக்கற நேரம். அவரே லேட்டா வந்தாலும் அந்தக் கடிகாரம் லேட்டா வந்ததில்ல." கைதட்டினார்கள். ஒயர்மேனுக்கு வாய்மொழியாக உத்தரவு போனது: எல்லாக் கடிகாரமும், ஒன்று விடாமல்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில்தான் பிரபஞ்சம் மாறத் தொடங்கியது.

கணக்கம்மா முதலில் நம்பவில்லை. மேல்தளத்து அறையில் உட்கார்ந்து, கணிப்பொறி தந்த எண்களைத் திரும்பத் திரும்பக் கூட்டினாள். கற்றை வானத்தின் ஒரு குறிப்பிட்ட பக்கம் பார்க்கும்போது மட்டும் எண்ணிக்கையில் ஒரு சரிவு. தினமும் அதே இடத்தில். மாதங்கள் சேரச் சேர அது அழிக்க முடியாத கோடாக ஆகிவிட்டது. இயக்குநரிடம் போய்ச் சொன்னாள்.

"பிரபஞ்சத்துல ஒரு விசேஷத் திசை" என்றார் இயக்குநர், மலையிடம். "எனக்கு ரொம்ப நாளாவே ஒரு உள்ளுணர்வு."

"சார், அந்தத் திசை மதியத்துல நேரா உங்க ஜன்னல் பக்கம்தான் வருது" என்றார் நிர்வாக அதிகாரி. அவர் அறிவியல் படித்தவரல்ல; ஆனால் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று எப்போதும் அறிந்திருந்தார்.

ஒரு வாரத்துக்குள் நாற்காலிகள் எல்லாம் திருப்பிப் போடப்பட்டன. பிரபஞ்சத்தின் விசேஷத் திசைக்கு முதுகு காட்டி யாரும் உட்காரக் கூடாது என்று உத்தரவு. காசாளர் அதன்படி திரும்பிக்கொண்டதால் பணம் வாங்க வருகிறவர்களைப் பார்க்க முடியாமல், தோளுக்கு மேலே கையை நீட்டி ரூபாய் கொடுத்தார். அந்தத் திசையில் இருந்த ஒரே அறை கழிப்பறை. அதை இடித்துவிட்டு அங்கே ஒரு பீடம் கட்டலாமா என்று ஒரு துணைக்குழு யோசித்தது. அறிவிப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சானது. கட்டுரையில் முதல் பெயர் கணக்கம்மாவுடையது. மகளிடம் சொன்னபோது அவள், "அப்போ சாமிக்கு முதுகு இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டியாம்மா?" என்று சிரித்தாள். கணக்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இயக்குநர் ஒரு மாநாட்டுக்காக வெளியூர் போனார். அந்தச் சமயத்தில் அதிகாரிகளுக்கான உணவகத்தை மூடி வெள்ளையடித்தார்கள். அந்த நாட்களின் எண்களைக் கணக்கம்மா பார்த்தாள். சரிவைக் காணோம். அவர் திரும்பி வந்தார். சரிவும் திரும்பி வந்தது.

நிர்வாக அதிகாரியிடம் கேட்டால், "பிரபஞ்சத்துக்கே அவர்மேல எவ்வளவு மரியாதை பாருங்க" என்றார்.

அவளுக்கு அது மரியாதையாகப் படவில்லை. மதிய உணவு நேரத்தில் தனியாகச் சுரங்கத்துக்குள் இறங்கினாள். எப்போதும் சில்லென்றிருக்கும் அறையில் அன்று வியர்த்தது. சுவரில் குளிர்காற்றுக் குழாயின் கைப்பிடி உணவகம் என்று எழுதியிருந்த பக்கம் திரும்பியிருந்தது. அதிகாரிகள் சாப்பிடும் நேரத்தில் இயந்திரங்களுக்குப் போக வேண்டிய குளிர் மேலே போகிறது. இயந்திரங்கள் சூடேறிச் சில துகள்களைத் தவறவிடுகின்றன. பிரபஞ்சத்தின் விசேஷத் திசை என்பது, பன்னிரண்டு பேருக்குச் சாப்பிடும்போது வியர்க்கக் கூடாது என்பதுதான்.

ஆனாலும் ஒரு சந்தேகம். மதிய உணவு சூரிய நேரப்படி நடப்பது. நட்சத்திர நேரத்தில் அது நாளுக்கு நாள் நகர்ந்து, வருஷத்தில் எல்லாப் பக்கமும் பரவிக் கரைந்துபோக வேண்டும். ஒரே இடத்தில் எப்படி நிற்கிறது? திரும்பி நட்சத்திரக் கடிகாரத்தைப் பார்த்தாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின. இந்த மாதத்தில் அவை ஒத்துப்போக வழியே இல்லை.

மறுநாள் காலை கடிகாரம் பார்க்க வந்த ஒயர்மேனைச் சுரங்கத்தில் பிடித்தாள். "அண்ணே, இதையும் நீங்கதான் திருப்பி வைக்கிறீங்களா?"

"ஆமாம்மா. எல்லாக் கடிகாரமும்னு சொன்னாங்களே. இது பாவம், தினமும் நாலு நிமிஷம் முந்திக்கிட்டு நிக்குது. வயசான கடிகாரம்போலன்னு நெனச்சேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தப்பா?" என்றார்.

அவள் எடுத்துச் சொன்னாள். அவர் கடிகாரத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"இது எனக்கு ரெண்டாவது தடவையாச்சேம்மா" என்றார் மெதுவாக. "வேலை போனா குவார்ட்டர்ஸையும் காலி பண்ணணும். வீட்டுக்காரி இடுப்பு ஒடைஞ்சு படுத்துக் கெடக்கா. அவளை எங்கே தூக்கிட்டுப் போவேன்மா?" பிறகு தானே, "சரி, நீ உண்மையைச் சொல்லு. பொய்க்கு நான் ஒரு காரணமா இருக்க வேண்டாம்" என்றார்.

உண்மையைச் சொல்லாமல் இருப்பதும் எளிதுதான். விழா நடக்கும், முதல் பெயர் நிற்கும், யாருக்கும் வேலை போகாது. ஆனால் உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகள் கடவுள் படைத்த வெளிக்கு முதுகு உண்டு என்று படிப்பார்கள். அதுவும் பன்னிரண்டு பேரின் மதியச் சாப்பாட்டை நம்பி. கணக்கம்மா ஒவ்வொரு நாளுக்கும் உரிய நிமிடங்களைத் திரும்பச் சேர்த்து மறுபடி கணக்கிட்டாள். சரிவு கரைந்துபோனது. எல்லாத் திசையும் ஒன்றாக, அழகாக, தட்டையாக நின்றது. அதை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனாள்.

"அப்போ திசை கிடையாதா?" என்றது பிடரி.

"இல்ல சார். எல்லாப் பக்கமும் ஒண்ணுதான். இதுவும் நல்ல முடிவுதான் சார். இவ்வளவு நுட்பமா..."

"அழைப்பிதழ் அச்சாயிடுச்சே!"

"கவலையே வேண்டாம் சார்" என்றார் நிர்வாக அதிகாரி. "திசை பற்றிய மகத்தான முடிவுன்னுதான் போட்டிருக்கோம். இருக்குன்னும் போடல, இல்லன்னும் போடல."

"பார்த்தீங்களா!" இயக்குநர் மலையைப் பார்த்துத் தலையசைத்தார். "சரி, கடிகாரத்தைக் கெடுத்தது யாரு?"

"உத்தரவு இவரு போட்டதுதான் சார்" என்றாள் கணக்கம்மா, அதிகாரியைக் காட்டி.

அவர் கோபப்படவே இல்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "உத்தரவு எதையும் தொடாதும்மா. கைதான் தொடும். விழா முடியட்டும், மறுநாள் விசாரணை. கடைசியாத் தொட்ட கை யாருதுன்னு பார்த்துடலாம்."

விழா நடந்தது. நாற்காலிகள் பழையபடி மேடையைப் பார்த்துத் திருப்பப்பட்டன. இனி எந்தத் திசை பார்த்தும் உட்காரலாம், முன்னனுமதி பெற்றால் போதும் என்று புது உத்தரவு வந்தது. இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். மேடையில் மைக்கை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

"இயற்கைக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. அதற்கு மேல், கீழ் என்பது தெரியாது. முன்வரிசை, பின்வரிசை தெரியாது. இந்த மாபெரும் உண்மையை, மேடையில் இருக்கும் எங்கள் சார்பில், கீழே இருக்கும் உங்களுக்குத் தெரிவித்துக்கொள்வதில் மகிழ்ச்சி அடைகிறேன். எல்லாத் திசையும் சமம் என்பது உலகத்திலேயே முதன்முதலாகக் கிழக்கு வாசலில்தான் உணரப்பட்டது. இதில் நேர்ந்த ஒரு சிறு தடங்கலுக்குக் காரணமானவர் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் தப்ப முடியாது என்று உறுதி கூறுகிறேன்."

முதலில் முன்வரிசை கைதட்டியது. அது முடிந்த பிறகு இரண்டாம் வரிசை. வடக்கு வாசல்காரர்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். அவர்களுடைய முறை வருவதற்குள் விருந்துக்கு மணியடித்துவிட்டது.

ஒயர்மேன் அவளருகே வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். "பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாம் சமமாமே" என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை. "நாளைக்கு உண்மையத்தாம்மா சொல்லப்போறேன். அன்னிக்குக் காலைல கடைசியாத் தொட்டது நான்தான். அதுக்கப்புறம் கெட்டுப்போன கடிகாரத்தை இங்க எவன் தொடுவான்?"

அவர் சொன்னது கணக்கம்மாவின் காதில் வேறு விதமாக விழுந்திருந்தது.

"போய்ச் சாப்பிடுங்க அண்ணே" என்றாள். "அண்ணிக்கும் வாங்கிட்டுப் போங்க."

கூட்டம் முழுக்க உணவகத்தின் பக்கம் நகர்ந்தது. அவள் எதிர்ப்பக்கம் நடந்தாள். லிஃப்ட் காலியாக இருந்தது. கீழே இறங்கும்போது, ஒருகாலத்தில் கையில் பூங்கொத்தோடு இதே லிஃப்டில் நின்றது நினைவுக்கு வந்தது. அப்போது மகளின் மூச்சைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இருக்கவில்லை.

சுரங்கத்தில் ஒருவரும் இல்லை. மேலே அதிகாரிகள் குளிர்ச்சியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் புழுக்கமாக இருந்தது. கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். நட்சத்திரங்களின்படி அந்த வேளைக்கு என்ன நேரம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். பதினைந்து வருஷமாகப் போடுகிற கணக்கு. விரலால் முள்ளைப் பிடித்து, மெல்ல மெல்ல முன்னால் நகர்த்தினாள். கடிகாரம் ஒரு கணம் தயங்கியது. பிறகு, வெகுநாள் கட்டிவைத்திருந்த மாடு அவிழ்த்து விட்டதும் நடக்கிறதே, அப்படி நடக்கத் தொடங்கியது.

நாளை ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். அதற்கு அவளிடம் ஒரு பொய்யும் கலக்காத பதில் இருந்தது. கட்டுரையில் முதல் பெயர் இருக்காது. மகளிடம் என்ன சொல்வது? "சாமிக்கு முதுகு இல்லையாம்டி" என்று சொன்னால் போதும். அவள் மேற்கொண்டு கேட்க மாட்டாள்.

பெட்டியை மூடினாள். வியர்த்த விரல்கள் கண்ணாடியில் ஐந்து தடங்களாகப் பதிந்திருந்தன. பழக்கத்தில் கைக்குட்டையை எடுத்தவள், அதை மறுபடி மடித்து வைத்துக்கொண்டு, துடைக்காமல் மேலே போனாள்.